புள்ளி எண்ணும் உத்தியோகம்

மற்றவர் உடம்பிலிருந்து எடுத்ததை வாங்கி, அவருக்கே தெரியாததைப் பார்த்து, பார்த்ததைத் துண்டில் எழுதி அனுப்பிவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிற வேலைதான் ஆய்வுகூட வேலை.

இந்த வேலை பார்த்தவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. காலையில் கதவைத் திறந்ததும் மேசையில் வரிசையாக நிற்கும் போத்தல்கள், ‘என்ட முடிஞ்சுதா?’ என்று ஜன்னலில் எட்டிப் பார்க்கும் தலைகள், ஊர்க் கல்யாணத்தில் நம்மைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் முகங்கள் எல்லாம் நீங்களும் பட்டவைதான். ஆனால் நான் பட்டதில் உங்களில் பலருக்கு வாய்த்திராத ஒரு பகுதி உண்டு. அறுபதுகளில் நாலு வருசம், பிள்ளையில்லாத பெண்களின் கன்னத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பெயர்களை மாற்றிவிட்டு அதைச் சொல்கிறேன்.

வாய்க்குள் தேடியது

வாவிக்கரையில் இருந்த எங்கள் ஆசுபத்திரிக்கு ஒரு லேடி டொக்டர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையில்லாதவர்களுக்கென்று ஒரு கிளினிக் தொடங்கினார். என்னைக் கூப்பிட்டு ஒரு புது வேலை பழக்கினார். உள்கன்னத்தை மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, வருவதைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஊதாச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கலத்துக்கும் நடுவில் ஒரு கரு இருக்கும். பெண்ணென்றால் சில கருக்களின் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணென்றால் இராது. பாடப்புத்தகம் நிறமூர்த்தம், குரோமோசோம் என்று சொல்வதை டொக்டர் நூல் என்பார். ஆணுக்குப் பெண் நூல் ஒன்று, ஆண் நூல் ஒன்று. பெண்ணுக்குப் பெண் நூலே இரண்டு. அந்த இரண்டில் ஒன்று வேலை செய்ய, மற்றது சுருண்டு படுத்துவிடும். படுத்துக் கிடக்கிற நூல்தான் அந்தப் புள்ளி என்றார். நூறு கலத்தை எண்ணி, எத்தனையில் புள்ளி என்று எழுதுவது என் வேலை.

எங்கள் நுணுக்குக்காட்டிக்கு விளக்கு கிடையாது. கீழே ஒரு வட்டக் கண்ணாடி, அதை ஜன்னல் பக்கம் திருப்பினால் வாவியில் பட்டுத் தெறிக்கிற வெயில் உள்ளே வரும். தண்ணீர் அசைந்தால் வெளிச்சமும் அசையும். அந்த ஊதாக் கருக்கள் மூச்சு விடுவதுபோலத் தெரியும். முதல் சில வாரம், பக்கத்து அறையில் வாங்குப் பலகையில் குந்தியிருக்கிற மனிசியின் உடம்பில் ஒரு துளி இங்கே தனியே கிடந்து மூச்சு விடுகிறது என்று நினைப்பேன்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தவர்களில் ஒருத்தி மாங்கேணியில் மீன்பிடிக்கிறவரின் மனைவி. கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருசம். வைத்தியர், பரியாரி, மந்திரம், நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். வந்ததும் தயாராகக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். நான் குச்சியை எடுத்துக்கொண்டு போய் ‘ஆ காட்டுங்க’ என்றதும் எழும்பிக் குந்திவிட்டாள். என்னையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வயித்துக்குள்ள புள்ளையக் காணல்லண்டு நான் வந்தா, நீங்க வாய்க்குள்ள தேடுறீங்களே மிஸி?”

நூறில் ஒன்றுமில்லை

செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு தாய், மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாக்கியம் என்று பேர். வயது பத்தொன்பது என்று எழுதியிருந்தது. நான் அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதப் பார்த்தேன். அவ்வளவு சின்ன உருவம். கழுத்து தோளோடு சேருமிடத்தில் தோல் மடிந்து இறங்கியிருந்தது. வாய் மட்டும் வயதுக்கு ஏற்ற வாய். “பத்தொம்பதுதான் மிஸி, வெட்டாதீங்க” என்றாள். அவள் இன்னும் பெரிய மனிசியாகவில்லை. சடங்குக்கென்று வாங்கின சிவப்புச் சேலை ஆறு வருசமாகப் பெட்டிக்குள் இருப்பதாகவும், மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போனதாகவும் தாய் சொன்னாள்.

எண்ணினேன். ஒரு நூறு, இரண்டு நூறு, மூன்று நூறு. ஒரு புள்ளி இல்லை. ஆணின் கண்ணாடி போலவே இருந்தது, ஆனால் எதிரில் குந்தியிருப்பவள் பொட்டப்பிள்ளை. பாக்கியம் தானும் பார்க்கவேண்டுமென்று கேட்டாள். ஸ்டூலில் ஏறி நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். “எல்லா வீடும் வெறும் வீடாக் கிடக்கு” என்றாள். இரண்டு பெண் நூல் இருக்கவேண்டிய இடத்தில் இவளுக்கு ஒன்றுதான், ஆண் நூலும் இல்லை என்று டொக்டர் விளக்கினார். மாத்திரை கொடுத்தார். பிறகு அவள் கொஞ்சம் வளர்ந்தாள், உடம்பு தேறியது, தாயோடு சந்தையில் குந்தி யாவாரம் பார்த்தாள். நாங்களும் வாழைப்பழம் வாங்க அங்கேதான் போவோம்.

ஆனால் அந்த முதல்நாள் டொக்டர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பெண் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வேண்டிய முட்டை எல்லாம் அவள் தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே உண்டாகிவிடும். பிறகு புதிதாக ஒன்றும் வராது. மற்றவர்களுக்கு அது ஐம்பது வயதுவரை மெல்ல மெல்லத் தீரும். இவளுக்கும் உண்டானதுதான், ஆனால் பிறக்க முதலே எல்லாம் தீர்ந்துபோய்விட்டது. டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். தாய் மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கை அப்படியே நின்றது.

“அப்ப இவள் என்ட வயித்துக்குள்ள கிடக்கக்குள்ளேயே கிழவியாகிட்டாளா அம்மா?”

பேர் எழுதாத கண்ணாடி

புள்ளி எண்ணுவதில் ஒரு விதி உண்டு. சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் நோயாளியின் கண்ணாடியோடு இன்னும் இரண்டு வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று சுகமான பெண், மற்றது சுகமான ஆண். அந்த இரண்டுக்கும் பேர் எழுதுவதில்லை. ஆணுக்கு எங்கள் சிற்றூழியர் கந்தையாவின் கன்னம். பெண்ணுக்கு என் கன்னம். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வாயெல்லாம் புண். அப்போது கிளினிக்கில் உதவிக்கு நின்ற தாதி மரியநேசம், “என்னில எடுகா” என்று தானே வந்து ஸ்டூலில் இருந்தாள். மரியநேசமும் நானும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒரே வயது. நல்ல உயரம், தோல் அப்படியே பளிங்கு, முகத்தில் ஒரு பரு வந்து நான் கண்டதில்லை. அவள் வார்டுக்குள் நடந்தால் நோயாளிகள் வலியை மறந்து பார்ப்பார்கள். கல்லடிப் பக்கத்து வாத்தியார் ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

நோயாளியின் கண்ணாடியில் இருபத்தெட்டுப் புள்ளி. கந்தையாவில் ஒன்றுமில்லை. மரியநேசத்திலும் ஒன்றுமில்லை. கந்தையாவின் கண்ணாடியைத்தான் இரண்டு தரம் வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. சாயம் பிழை என்று நினைத்தேன். நோயாளிக்கு ஏறிய சாயம் இவளுக்கு ஏன் ஏறாது? அடுத்த வெள்ளி, “கண்ணாடி உடைஞ்சிட்டுது” என்று பொய் சொல்லி மறுபடி கேட்டேன். அவள் உடனே வாயைத் திறந்தாள். அன்றைக்கு வாவி அசையவே இல்லை. நூறு கருவும் நூறு குருட்டுக் கண்ணாக என்னைப் பார்த்தன. வெளியே அவள் யாரோ நோயாளியோடு சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணாடியை ஸ்பிரிட்டில் போட்டுத் துடைத்துவிட்டேன். துடைத்தால் போய்விடும் என்றா துடைத்தேன்? தெரியாது.

பேர் சொல்லாமல் டொக்டரிடம் கேட்டேன். இப்படி ஒரு கண்ணாடி வந்தால், ஆள் உயரமான, வடிவான பெண்ணாக இருந்தால், என்ன அர்த்தம்? டொக்டர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. “அவவுக்கு ஆண் நூல் இருக்கும். ஆணாகு எண்டு கருவில கட்டளை வந்திருக்கும். ஆனா உடம்புக்கு அந்தக் கட்டளை கேக்கேல்லை, செவிடு. அதால அது பெண்ணாகவே வளர்ந்திருக்கும். கருப்பை இராது, முட்டை இராது, மாசவிலக்கும் வராது. ஆனா அவ பொம்பிளைதான், அதில சந்தேகம் வேண்டாம். ஒண்டு மட்டும் கவனம்: வயித்துக்குள்ள மறைஞ்சிருக்கிற ரெண்டு சுரப்பியை எடுக்கவேணும். விட்டா ஒருநாள் புற்றாகலாம். சொல்லுறதெண்டா கெதியாச் சொல்லுங்கோ.” வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் எனக்குச் சம்பளம். இனி மூடினால் சிநேகிதி சாகக்கூடும்.

மூன்று நாள் அவளைக் கண்டால் ஒளித்தேன். நாலாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆய்வுகூடத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். என்னால் அழாமல் சொல்ல முடியவில்லை. அவள் அழவில்லை. ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பதினாறு வயதிலிருந்து மாசம் நாலு நாள் வயிற்றுவலி என்று தான் நடித்து வந்ததைச் சொன்னாள். வெறும் துணியைத் தோய்த்துக் கொடியில் காயப்போடுவாளாம், தாயும் தங்கச்சிமாரும் காணவேண்டுமென்று. பத்து வருசம், ஒரு மாசம் தவறாமல். நானும் அவள் வீட்டுக் கொடியில் அந்தத் துணிகளைக் கண்டிருக்கிறேன். ‘அப்ப ஏன் என்னிட்ட வாயைத் திறந்தாய்?’ என்று கேட்டேன்.

“வாறவளுகளெல்லாம் பேர எழுதிக் குடுத்துப் பாக்குறாளுகள். எனக்கு அதுக்குத் தைரியமில்லகா. பேர் எழுதாத கண்ணாடியிலயாவது நான் ஆரெண்டு தெரியட்டுமெண்டுதான் வந்து இருந்தன்.”

வாத்தியாரின் கன்னம்

மரியநேசம் லீவு எடுத்துக் கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்துகொண்டு வந்தாள். கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு சுரப்பி எடுத்ததாக டொக்டருக்குக் கடிதம் வந்தது. வயிற்றில் கட்டி என்று ஊருக்குச் சொன்னோம். முழுப் பொய்யில்லை. கல்யாணத்தை அவளே நிற்பாட்டச் சொன்னாள். காரணம் கேட்ட வாத்தியாரிடம், மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்னதாக என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகம் காய்ச்சல் விட்ட முகம் போல இருந்தது.

இரண்டாம் நாள் வாத்தியார் ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை, வியர்த்து ஊற்றுகிறது. நான் அப்படிப் பேருடைய ஒருவருக்கும் இங்கே பரிசோதனை நடக்கவில்லை என்று எழுதிவைத்ததுபோல ஒப்புவித்தேன். “தெரியும் மிஸ், அவ சொன்னவ. நான் அதுக்கு வரல்ல. என்ட கன்னத்த ஒருக்காச் சுரண்டிப் பாருங்க” என்றார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பயத்தில்தான் எடுத்தேன். சாயம் ஏறும்வரை ஒரு மணித்தியாலம் அந்த வாங்கில் குடையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பார்க்கக் கொடுத்தேன். வாவி வெளிச்சம் அவர் கண்ணில் விழுந்து ஆடியது. புள்ளி எங்கே இருக்கவேண்டும் என்று கேட்டார். விளிம்பில் என்றேன். தேடித் தேடிப் பார்த்தார். “ஒண்டுமில்லையே” என்றார். ஆம்பிளைகளுக்கு அப்படித்தான் என்றேன்.

அவர் நுணுக்குக்காட்டியை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை. அடுத்த தை மாசம் கோயிலில் அவர்கள் கைபிடித்தபோது, சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பெண்பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். ஊர் மரியநேசத்தைத்தான் மலடி என்றது. ஒருநாளும் அவர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததில்லை என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு ஆய்வுகூடத்தில், குனிந்த தலை குனிந்தபடியே அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

“அவவிலயும் ஒண்டுமில்ல, என்னிலயும் ஒண்டுமில்ல. மறுகா என்னத்துக்கு மிஸ் கல்யாணத்த நிப்பாட்டுற?”

முதுசம்

கண்ணகை என்றொரு பெண். புருசன் வேளாண்மைக்காரர், வயல்வெளி வட்டைக்குள் வாடிக் குடிசை போட்டு அங்கேயே கிடப்பார். அவளுக்குக் கருத் தங்காதது அல்ல பிரச்சினை. தங்கித் தங்கி மூன்றாம் மாசத்தில் போய்விடும். ஆறு தடவை. ஆறுக்கும் அவள் மனதுக்குள் பேர் வைத்திருந்தாள். கிளினிக்கில் வரிசையில் இருக்கும்போது விரலை மடித்து உதடசைப்பாள். செபம் என்று நான் நினைத்தேன். பேர்கள்.

அவள் புள்ளிகள் சரியாக இருந்தன. டொக்டருக்கு மனம் கேட்கவில்லை. இரத்தம் எடுத்து, சுடுதண்ணி பிளாஸ்குக்குள் ஐஸ் வைத்து, ரெயிலில் கொழும்புக்கு அனுப்பினோம். அங்கே இரத்தக் கலத்தை வளர்த்து, உடைத்து, உள்ளே இருக்கிற நூல்களைப் படம் பிடிக்க ஒருவர் பழகியிருந்தார். மூன்று மாசத்தால் படம் வந்தது. நூல்களை வெட்டி, சோடி சோடியாக ஒட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் நாற்பத்தாறு. அவளுக்கு நாற்பத்தைந்து. ஒன்றும் தொலையவில்லை, இரண்டு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கிடந்தன. அவளுக்கு அதால் ஒரு நோயுமில்லை. முட்டை உண்டாகும்போதுதான், பங்கு பிரிக்கிற இடத்தில் பிழைக்கிறது. சில முட்டைக்குக் கூட, சில முட்டைக்குக் குறைய. சரியாகப் பங்கு விழுகிற முட்டையும் உண்டு, அது தங்கும், பொறுத்திருங்கள் என்றார் டொக்டர். தாயையும் கூட்டிவரச் சொன்னார். தாயின் படத்திலும் அதே ஒட்டு, அதே இடத்தில். அந்த மனிசி தனக்கும் நாலு அழிந்ததென்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். மகளுக்கே அது புதினம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு வேறு உடம்பு, வேறு வேறு வயது. அந்த ஒட்டு மட்டும் ஒரு முகச்சாடை போல இருந்தது.

எட்டாவதாகத் தங்கியது ஆண்பிள்ளை, சுகமாகப் பிறந்தது. ஏழாவதும் போய்விட்டுத்தான் அது. தன் நூல் படத்தைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டாள். சட்டத்தில் இடமில்லை, ஆனால் டொக்டர் கொடுத்தார். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததை நானே போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் தாய்வழியாகப் பெண்பிள்ளைகளுக்குத்தான் முதுசமாகப் போகும் என்பது தெரிந்ததுதானே. படத்தை வாங்கின அன்று, அவள் தாயைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது:

“அக்காவுக்கு வீடு, சின்னக்காவுக்கு வயல். எனக்கு நீ தந்த முதுசம் இதுதானாம்மா?”

மூன்று கண்ணாடி, ஒரே ஆள்

சித்தாண்டியிலிருந்து மூன்று சகோதரிகள் ஒன்றாக வந்தார்கள். மூத்தவளுக்கு முப்பத்துநாலு, நடுவிலாளுக்கு முப்பது, கடைசியாள் பூரணத்துக்கு இருபது. வாங்கில் வரிசையாக இருந்தவர்களை நான் இன்னொரு தரம் பார்த்தேன். ஒரே நெற்றி, ஒரே மூக்கு, இடது கையால் முந்தானையைத் திருகுகிற ஒரே பழக்கம். ஒரே ஆளை மூன்று வயதில் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. மூத்தவளுக்கு முப்பதில் மாசவிலக்கு நின்றுவிட்டது. முகம் சுருங்கி, இருந்த இருப்பில் வியர்த்துக்கொண்டிருந்தாள். நடுவிலாளுக்கு இருபத்தேழில் நின்றது. இரண்டு பேருக்கும் பிள்ளையில்லை. செத்துப்போன அவர்களுடைய சித்திக்கும் அப்படித்தானாம். அந்த வீட்டுக் கிணற்றில் ஒரு பெண்ணின் சாபம் கிடக்கிறது, தண்ணீரைக் குடிக்கிறவளின் கருப்பை வற்றும் என்று ஊர் சொன்னது. மூத்தவள் ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்திருந்தாள்.

தண்ணீரைச் சோதித்தேன். நல்ல தண்ணீர், நாங்கள் ஆசுபத்திரியில் குடித்ததைவிடச் சுத்தம். கன்னங்களையும் பார்த்தேன். முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று. எந்தக் கண்ணாடி யாருடையது என்று ஒட்டியிருந்த துண்டைக் கழற்றினால் எனக்கே தெரியாது. எங்கள் கருவிக்குத் தெரிந்த மட்டில் மூவரும் குறையில்லாத பெண்கள். டொக்டர் நான் எழுதிய மூன்று துண்டையும் பார்த்துவிட்டு, “தாயிட்டயிருந்து கொண்டுவந்த முட்டை சில குடும்பத்தில கெதியாத் தீருது. அதுவும் நூலில எங்கேயோ எழுதியிருக்கவேணும். எங்களுக்கு இன்னும் வாசிக்கத் தெரியேல்லை” என்றார். பூரணம், “எனக்கு எவ்வளவு கிடக்கு?” என்று கேட்டாள். அதை எண்ண ஒரு வழியும் உலகத்தில் இல்லை என்றார் டொக்டர். பூரணத்துக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. கடிதம் கைப்பைக்குள் இருந்தது, எனக்குக் காட்டினாள். அக்காமார் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ‘போகாதே’ என்று சொல்லவில்லை. அவளாகத்தான் கடிதத்தை நாலாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். இரண்டாம் மாசம் மாமன் மகனைக் கல்யாணம் முடித்தாள்.

ஐந்து வருசம் கழித்து, டொக்டர் மாற்றலாகிப் போன பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இரத்தம் சோதிக்க ஒருத்தி வந்து நின்றாள். மூத்த அக்கா என்று நினைத்து, “பூரணம் எப்படி?” என்று கேட்டுவிட்டேன். “நான்தான் மிஸி பூரணம்” என்றாள். இரண்டு பிள்ளை பிறந்ததாம். மூத்தது பொடியன், இது பெண். அதற்குப் பிறகு நின்றுவிட்டது. இருபத்தைந்து வயது. நல்லவேளை முந்திக்கொண்டாய் என்றேன், வேறென்ன சொல்ல? ஓம் என்று தலையாட்டினாள். பிள்ளையின் விரலைக் குத்தினேன். அழாமல் என்னை முறைத்தது, அதே நெற்றி. இடது கையால் தாயின் முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. பூரணம் அந்தக் கையை மெல்ல விடுவித்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“காய்ச்சல் கிடக்கட்டும் மிஸி. இவளுக்குள்ளயும் இப்பயே தீந்துகொண்டு போகுதா எண்டு பாக்க இன்னும் ஒரு கண்ணாடியும் வரல்லியா?”

இத்தனை வருசச் சேவையில் நான் கற்றுத் தேறியதெல்லாம், முன்பின் தெரியாத பெண்ணிடம் ‘எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்கக்கூடாது என்பது ஒன்றுதான், ஆனால் மட்டக்களப்பில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளோடு பேச்சைத் தொடங்க வேறொரு கேள்வியை இந்த வயதுவரை நான் கண்டுபிடிக்கவில்லை.